டீச்சரம்மா படித்துக் காட்டாத செய்தி

சோளக்காடு சந்தையில் மிளகு மூட்டையை இறக்கிவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது என் செல்போனில் அந்தப் படம் வந்தது. எங்கள் டீச்சரம்மா, பேராசிரியர் கமலவேணி, சிரித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் வெள்ளையும் மஞ்சளுமாகப் பூக்கள். கீழே இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. மலைக்கு வந்துபோன வெளிநாட்டு மாணவர்களும், கல்லூரிக்காரர்களும், நானும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் அது வந்திருந்தது.

எங்கள் பக்கம் சாவுச் சேதி எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். கண்ணீர் விடுகிற இரண்டு கண்கள் இருக்கும். குத்துவிளக்கு இருக்கும். போனவர் முகம் ரேஷன் கார்டு முகமாக விறைத்திருக்கும். செம்மேடு பஸ் ஸ்டாண்டுச் சுவரில் அப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன். இந்தப் படத்தில் கண்ணும் இல்லை, விளக்கும் இல்லை. அதை ஜெர்மனியில் இருக்கிற பல்கலைக்கழகத்துக்காரர்கள் செய்து அனுப்பியிருந்தார்கள். அவர்கள் ஊரில் அப்படித்தானாம். எனக்கு அது எப்படித் தெரியும்?

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதைக்கூட நான் வாயால் சொல்கிறேன், வேறொருவர் எழுதுகிறார். என் பேச்சை அச்சுக்குத் தகுந்தபடி கொஞ்சம் திருத்திக்கொள்வதாகச் சொன்னார். சரி என்றேன்.

அந்த ஜெர்மனிக்காரர்கள் தனக்கு ஏதோ மரியாதை செய்யப்போகிறார்கள், அதற்காகப் போட்டோ வாங்கிக்கொண்டார்கள் என்று டீச்சரம்மா கொஞ்ச நாள் முன்னால்தான் என்னிடம் சொல்லியிருந்தார். ஆகவே இது அதுதான் என்று நினைத்துவிட்டேன். கைதட்டுகிற படம், பட்டாசு வெடிக்கிற படம், லட்டுப் படம் எல்லாவற்றையும் குழுவில் அழுத்தினேன். அதோடு நிற்காமல் போனை வாயருகே வைத்துப் பேசியும் அனுப்பினேன்.

“லட்டு எங்கீங்க டீச்சரம்மா? ஜெர்மனிக்காரன் மரியாதை பண்ணுனா எங்க மலைக்கு ஒண்ணுமில்லீங்களா? மஞ்சப்பை நெறயா வாங்கிட்டு வந்தாத்தான் ஊட்டுக்குள்ள உடுவோம், ஆமா!”

அனுப்பிவிட்டு, பெஞ்சில் இருந்தவர்களுக்கெல்லாம் ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன். மிளகு வியாபாரி செல்வராசு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, “என்னுங்க பெரியவரே விசேசம்?” என்றார்.

“எங்க டீச்சரம்மாவுக்கு வெளிநாட்டுல மரியாதைங்க. நீங்களே பாருங்க.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கன்னத்தில் ஜிலேபி புடைத்துக்கொண்டிருந்தது. மெல்லுவது நின்றுவிட்டது.

“இது மரியாதை இல்லீங்க.”

“பின்ன?”

“அம்மா தவறிட்டாங்க. நேத்தாமா.”

எழுந்துபோய் ஓரமாக ஜிலேபியைத் துப்பிவிட்டு வந்தார். நான் என்னுடையதை ஏற்கெனவே விழுங்கியிருந்தேன்.

அவரை அறிந்தவர்களே, உங்களில் பாதிப்பேர் என் பட்டாசைப் பார்த்திருப்பீர்கள். அந்த முகத்தோடுதான் அவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

அவர் சமவெளிக் கல்லூரியில் பாடம் எடுத்தவர். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பந்தம் போட்டு மாணவர்களை வரவழைக்கவும் அனுப்பவும் அங்கே ஓர் அலுவலகம் இருந்தது. அதையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். ஜெர்மனியிலிருந்தும் கென்யாவிலிருந்தும் வந்த மாணவர்களை மலைக்கு முதன்முதலாகக் கூட்டிவந்தபோது தங்க இடம் கேட்டு என் வீட்டு வாசலுக்கு வந்தார். மகன் திருப்பூர் போய்விட்டதால் பக்கத்தில் அவன் வீடு காலியாகக் கிடந்தது. கொடுத்தேன். பிறகு வருடா வருடம் வந்தார்கள். வந்தவர்களை வீடு வீடாகக் கூட்டிப்போவது, எந்த வீட்டில் நாய் கடிக்கும் என்று சொல்வது, வளைவுகளில் வாந்தி எடுத்து வந்தவர்களுக்குச் சுடுதண்ணீர் வைப்பது, இவைதான் என் வேலை.

எங்கள் ஊர்களிலிருந்து என்னவெல்லாமோ எழுதிக்கொண்டு போகிறவர்களை நாங்கள் முன்பே பார்த்திருக்கிறோம். போனவர் போனவர்தான். டீச்சரம்மா அப்படி விடமாட்டார். மாணவர்கள் எழுதி முடித்ததைத் தமிழில் மாற்றி எடுத்துக்கொண்டு அடுத்த முறை வருவார். கோயில் முன்னால் இருக்கிற வெட்டவெளியில் எல்லாரையும் உட்கார வைத்து, எங்களைப் பற்றி எழுதியதை எங்களுக்கே படித்துக் காட்டுவார். “நான் அப்படிச் சொல்லலீங்க” என்று யார் வேண்டுமானாலும் கையைத் தூக்கலாம். தூக்கினால் அந்த இடத்தில் திருத்த வேண்டும்.

“வந்து பாத்துட்டுப் போனா அது டூருங்கண்ணா. எழுதுனதைக் கொண்டாந்து அவங்க முன்னாடி படிச்சாத்தான் அது படிப்பு” என்பார்.

எனக்குப் படிக்கத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்த விதத்தைச் சொல்ல வேண்டும். சாப்பாட்டுச் சாமான்களை எழுதிய தாளை என்னிடம் நீட்டினார். “கண்ணாடி கொண்டாரலீங்க” என்றேன். மறுநாள் பஸ் நேரம் எழுதிய தாளை நீட்டினார். அப்போதும் கண்ணாடி கொண்டு வரவில்லை. என் கொழுந்தியா வெள்ளையம்மா பக்கத்தில் உட்கார்ந்து குச்சிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

“கண்ணாடியா? இவருக்கா? அந்தக் கோடியில மொளவுக் கொடியில அணில் ஏறுனா இங்கிருந்து சொல்லுவாரு!”

எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது. டீச்சரம்மா சிரிக்கவில்லை. கேட்கவும் இல்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். ஆனால் குழு ஆரம்பித்து எனக்கும் அதில் இடம் கொடுத்த பிறகு, அங்கே எழுத்தில் எது வந்தாலும், கொஞ்ச நேரத்தில் எனக்கு மட்டும் தனியாக அவர் குரல் வரும். “ஏனுங்கண்ணா, மத்தியாஸுக்கு வேலை கெடச்சிருச்சாம்.” “ஏனுங்கண்ணா, இந்தத் தடவை பத்துப் பேரு வாராங்களாம், பாய் பத்துமான்னு கேக்கறாங்க.” நானும் பேசியே பதில் அனுப்புவேன். தாத்தாவுக்குப் பேசத்தான் பிடிக்கும் என்று மாணவர்கள் நினைத்துக்கொண்டார்கள். என் குறையை அவர்களில் ஒருவருக்கும் தெரியாமல் அவர் அத்தனை வருடம் காப்பாற்றினார்.

அந்தப் பூப்படத்துக்குப் பின்னால் மட்டும் குரல் வரவில்லை. கொஞ்ச நேரம் போனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தன் பெருமையைத் தானே எப்படிச் சொல்வார் என்று, வராததற்கும் நானாக அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

கென்யாவிலிருந்து வந்தவன் பெயர் ஒட்டியேனோ. சோளம், ராகி பற்றிப் படிக்கிறவன். எங்கள் களையைப் பார்த்துவிட்டு எங்கள் ஊரிலும் இதே பூண்டு இருக்கிறது என்று சிரிப்பான். முதல் நாள் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு நாற்காலி போட்டேன். அவன் நின்றுகொண்டிருந்தான். “ஃபாரின்காரங்கன்னு சொன்னீங்க, இவரு நம்ம ஆளாட்டமே இருக்காரே” என்று யாரோ கேட்டார்கள். நானும் சிரித்தேன். அவன் பாயில் உட்கார்ந்துகொண்டான். பின்னாலேயே கல்லூரியிலிருந்து போட்டோக்காரர் வந்தார். கல்லூரிக்குத் தரவரிசையாம், வெளிநாட்டு முகங்கள் புத்தகத்தில் வர வேண்டுமாம். அவரும் ஒட்டியேனோவைப் பார்த்து, “தம்பி, நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம்” என்றார்.

டீச்சரம்மா போய் ஒட்டியேனோவின் பக்கத்தில் நின்றுகொண்டார். “இங்கதான் வெளிச்சம் நல்லாருக்கு, எல்லாரும் இங்க வாங்க” என்று மற்றவர்களைக் கூப்பிட்டார். அத்தனை பேரும் அங்கே நகர்ந்தார்கள். போட்டோக்காரர் காமிராவைத் தூக்கிக்கொண்டு திரும்ப வேண்டியதாயிற்று.

சாயங்காலம் என்னைத் தனியாகக் கேட்டார். “ஏனுங்கண்ணா, நீங்க கீழ டவுனுக்குப் போனா கடைக்காரங்க உங்களுக்கு நாற்காலி போடறாங்களா?”

போடமாட்டார்கள். மலைக்காரன் என்று வாசலிலேயே நிற்க வைத்துத்தான் பேசுவார்கள். அது அவருக்கும் தெரியும். மறுநாள் காலையில் நாற்காலியை நானே எடுத்துப்போய் ஒட்டியேனோவுக்குப் போட்டேன். அவன் என்னை அதில் உட்கார வைத்துவிட்டு மறுபடியும் பாயில் போய் உட்கார்ந்தான்.

மத்தியாஸ் ஜெர்மனிக்காரன். நல்ல பையன், எதைச் சொன்னாலும் நம்புவான். பலாக்காய் வெட்டும்போது என்ன சடங்கு செய்வீர்கள் என்று வெள்ளையம்மாவைக் கேட்டுக் கேட்டுத் தொந்தரவு செய்தான். அவள் முகத்தை வைத்துக்கொண்டு, “மரத்தைக் கும்பிட்டு, ‘அம்மா வெட்டிக்கட்டுமா’ன்னு கேக்கோணும் சாமி. மரம் சரின்னாத்தான் வெட்டோணும்” என்றாள். அது முதல் அவன் தினமும் காலையில் மரத்தின் முன்னால் நின்று கும்பிட்டான். நாங்கள் வீட்டுக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

அடுத்த வருடம் டீச்சரம்மா மத்தியாஸையும் கூட்டிவந்து கோயில் முன்னால் படித்தார். “இம்மலை மக்கள் பலா மரத்தின் அனுமதியைப் பெற்ற பின்னரே காயை வெட்டுகின்றனர்.” கூட்டம் முழுவதும் வெடித்துச் சிரித்தது. ஒரு கிழவர் இருமி இருமித் தண்ணீர் கேட்டார். மத்தியாஸ் காது சிவந்து உட்கார்ந்திருந்தான்.

டீச்சரம்மா தாளைக் கீழே வைத்தார். “சிரிங்க, தப்பில்ல. ஆனா ஒரு ஆளை நம்ப உட்டுட்டுச் சிரிக்கக் கூடாதுங்க. இவன் இதை அவன் ஊர்ல எழுதுவான். நாளைக்கு இன்னொருத்தன் அதைப் படிச்சுட்டு வருவான். அப்பறம் உங்க பேரனே அதுதான் நம்ம பழக்கம்னு கும்புடுவான்.”

வெள்ளையம்மா எழுந்து மத்தியாஸிடம் போய், “நான் வெளையாட்டுக்குச் சொன்னனுங்க கண்ணு” என்றாள். அவன் அந்த வரியை அங்கேயே அடித்தான். அன்றிலிருந்து குழுவில் யார் சரிபார்க்காமல் எதை எழுதினாலும், “இது பலா மரமா?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

அவர்கள் மட்டும் வந்துகொண்டே இருப்பது டீச்சரம்மாவுக்குப் பிடிக்கவில்லை. “அவங்க வாரதுக்கு நாம கோலம் போட்டு வெக்கறோம். நம்ம புள்ளைங்க போக விசா கேட்டா பேங்குல எத்தனை வெச்சிருக்கேங்கறாங்க” என்று பொருமுவார். ஒருவர் வந்தால் ஒருவர் போக வேண்டும், செலவும் அவர்களுடையது என்று பிடிவாதமாக நின்றார். அப்படித்தான் அந்தக் கல்லூரியில் படித்த வெள்ளையம்மாவின் பேத்தி கோகிலா ஒரு பருவம் ஜெர்மனி போய் வந்தாள். அங்கே ஒரு கிராமத்தில் தங்கி, அவர்கள் ஆப்பிள் தோட்டத்தைப் பற்றி எழுதினாளாம். எழுதியதை அந்த ஊர்க்காரர்களைக் கூட்டிப் படித்தும் காட்டினாளாம்.

“ரெண்டு கெழவனுங்க சண்டைக்கே வந்துட்டாங்க தாத்தா, நாங்க அப்படிச் சொல்லலன்னு!” என்றாள். டீச்சரம்மா அன்று சிரித்த மாதிரி நான் பார்த்ததில்லை. “அங்கயும் கை தூக்கறாங்களா! அது போதும் எனக்கு” என்றார்.

அப்படிப்பட்டவருக்குத்தான் நான் பட்டாசு போட்டேன்.

செல்வராசு படித்துச் சொன்ன பிறகு, அனுப்பியதை அழிக்கச் சொன்னேன். அவர் போனைத் தடவிப் பார்த்துவிட்டு, “பெரியவரே, இங்க பாருங்க” என்றார். என் பட்டாசுக்குக் கீழே வரிசையாகப் பட்டாசு. கைதட்டு. ஒட்டியேனோ தன் ஊரிலிருந்து ஒரு மேசையை மேளமாகத் தட்டி அந்தச் சத்தத்தை அனுப்பியிருந்தான். வயதாகி இறந்துபோன ஒரு கிழவருக்கு எங்கள் ஊரில் மேளம் வைத்து ஆடியதை இந்தப் பிள்ளைகள் பார்த்திருந்தார்கள். என் பேச்சு முழுசாகப் புரியாமல், தாத்தாவே ஆரம்பித்துவிட்டார், மலையில் டீச்சரை இப்படித்தான் வழியனுப்புவார்கள் போலும் என்று அத்தனை பேரும் கூடச் சேர்ந்துகொண்டார்கள். அதே குழுவில் டீச்சரம்மாவின் கணவர் சண்முகம் சாரும் இருந்தார்.

“அப்படியே உட்டுருங்க” என்றார் செல்வராசு. “உங்க பழக்கம்னு நெனச்சுட்டாங்க. நல்லதாப் போச்சு. உங்க மானமும் போகல, அவங்களுக்கும் ஒரு ஆறுதலு.”

நானும் விட்டுவிட்டேன். ஒப்புக்கொண்டால் இவனுக்குப் படிக்கத் தெரியாது என்பது எத்தனை தேசத்துக்குத் தெரிந்துவிடும் என்று அப்போதும் என்னைத்தான் நினைத்தேன். அடக்கத்துக்குப் போகப் பஸ் ஏறினேன். அடிவாரம் வரை போனேன். அந்த மனிதர் முகத்தை எப்படிப் பார்ப்பது? எதிரே மலைக்கு வருகிற பஸ் நின்றிருந்தது. அதில் ஏறித் திரும்பிவிட்டேன். அந்த ஒரு காரியத்துக்கு எனக்கு இன்றும் சமாதானம் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது மத்தியாஸ் பேசி அனுப்பியிருந்தான். அவனுடைய உடைந்த தமிழில் மெதுவாக ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லியிருந்தான். “தாத்தா. நான் கேக்கணும். டீச்சர் கேக்கச் சொல்லுவாங்க. இது பழக்கமா? பலா மரமா?”

அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். வெள்ளையம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “அன்னிக்கு என்னைய எந்திரிச்சுச் சொல்ல வெச்சாங்கல்ல? இன்னிக்கு நீங்க சொல்லுங்க” என்றாள்.

சொன்னேன். “எல்லாருக்கும் வணக்கமுங்க. இது பலா மரமுங்க. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. டீச்சரம்மாதான் எல்லாத்தையும் வாய்ஸ்ல சொல்லுவாங்க. இதுக்கு வாய்ஸ் வரல. நானா சந்தோசச் சேதின்னு நெனச்சுக்கிட்டேன். எங்க மலையில செத்தவங்க கிட்ட யாரும் லட்டுக் கேக்க மாட்டாங்க. இதை எங்கயும் எழுதிராதீங்க சாமி.”

கோகிலா அதைக் கேட்டு இங்கிலீஷில் எழுதிப் போட்டாள். பிறகு ஒட்டியேனோ தன் மேளத்தை அழித்தான். ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டாசுகளும் போயின. மத்தியாஸ் “நன்றி தாத்தா” என்றான். சண்முகம் சார் ஒன்றும் சொல்லவில்லை.

காரியத்துக்கு வெள்ளையம்மா என்னை இழுத்துக்கொண்டு போனாள். “மூஞ்சிய வேணும்னா துண்டுல மூடிக்குங்க. நான் கூட வாரேன்.” பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எல்லார் இலையிலும் பாயசம்தான் இருந்தது. சண்முகம் சார் உள்ளேயிருந்து ஒரு தட்டோடு நேராக என்னிடம் வந்தார். என் இலையில் ஒரு லட்டை வைத்தார்.

அவரிடம் கேட்காமல் இருந்தால் மறுபடியும் நானாக அர்த்தம் பண்ணிக்கொள்வேன். கேட்டேன். “ஏனுங்க சார், கோவத்துல வெக்கறீங்களா?”

“நீங்க அவகிட்டக் கேட்டீங்க. அவ இல்ல. நாந்தான வாங்கியாரோணும்” என்றார். கையிலிருந்த தட்டைப் பார்த்துவிட்டு, “மஞ்சப்பை நெறயாக் கேட்டீங்க. அத்தனை முடியல” என்றார்.

அது கோபமா அன்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்து இலைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலையைக் குனிந்தபடி அதைத் தின்று முடித்தேன்.

கல்லூரியில் அவருக்கு நினைவு மலர் போடுகிறார்கள், உங்கள் பேச்சும் அதில் வர வேண்டும் என்று சொல்லி, காகிதமும் பேனாவுமாக பஸ்ஸில் மலைக்கு வந்திருப்பவர் சண்முகம் சார்தான். இதை எழுதிக்கொண்டிருப்பவர் அவரே. லட்டு இடம் வந்ததும் பேனாவை நிறுத்தினார். “இதை எடுத்துரலாமுங்களா பெரியவரே? மலர் வெளிநாட்டுக்கெல்லாம் போகும்” என்றார். இருக்கட்டுமுங்க என்றேன்.

டீச்சரம்மாவிடமிருந்து என்னிடம் இருப்பவை இரண்டு. ஜெர்மனியில் மரியாதை செய்கிறார்களாம் என்று அவர் கடைசியாகப் பேசி அனுப்பிய குரல் ஒன்று. அதை நான் யாருக்கும் போட்டுக் காட்டுவதில்லை. இன்னொன்று, யாரைப் பற்றி எழுதினோமோ அவர் முன்னால் அதைப் படிக்க வேண்டும் என்ற அவர் வழக்கம். ஆகவே எழுதியது வரைக்கும் படித்துக் காட்டுங்கள் என்று சாரிடம் கேட்டேன். முதலிலிருந்து படித்தார். “அது கோபமா அன்பா என்று எனக்குப் பிடிபடவில்லை” என்ற இடத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். அப்புறம், எங்கள் கோயில் முன்னால் உட்கார்ந்தவர்கள் தூக்குகிற மாதிரி, கையைக் கொஞ்சமாகத் தூக்கினார்.

“கொஞ்சம் கோவமும் இருந்துச்சுங்க” என்றார்.

அதையும் எழுதிக்குங்க என்றேன். எழுதினார். எழுதிவிட்டு, அதையும் எனக்குப் படித்துக் காட்டினார்.